தோளில் அடிபட்டால்: ஸ்லிங் போதுமா, பிளேட் வேண்டுமா, நாட்டுக்கட்டுக்குப் போகலாமா?

ரிங் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்து காறை எலும்பு (காலர் போன்) முறிந்திருக்கிறது. ஒரு டாக்டர் அறுவை செய்து பிளேட் (எலும்பில் திருகும் உலோகத் தகடு) வைக்கச் சொல்கிறார். இன்னொரு இடத்தில் கேட்டால், ஆறு வாரம் ஸ்லிங் (கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் துணிக்கட்டு) போட்டாலே கூடிவிடும் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ கட்டுக்காரரிடம் கூட்டிப்போக ஆட்டோவே பேசி வைத்துவிட்டார்கள். மதுரையில் தோள் அடிபட்ட வீடுகளில் அன்றாடம் நடக்கும் குழப்பம் இது. மூன்று தரப்புமே ஏதோ ஒரு நோயாளிக்குச் சரியாகத்தான் சொல்கின்றன. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோள் மூட்டு, சிறு தட்டின் மேல் பெரிய உருண்டையை நிறுத்தியது போன்ற அமைப்பு. தட்டு ஆழமில்லாததால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. உருண்டையை இடத்தில் பிடித்து வைப்பவை சுற்றியுள்ள தசைகளும் நார்களும். அதனால் தோளில் எலும்பு கூடுவது பாதி வேலைதான். கை தலைக்கு மேல் போக வேண்டும், முதுகுக்குப் பின்னாலும் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு அழகாக ஒட்டியிருக்கும், ஆனால் தலை சீவ முடியாது, சட்டைக்குள் கை நுழைக்க முடியாது என்று வருபவர்கள் ஏராளம். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த இரண்டாம் பாதியை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

என்ன அடி என்பது. 'தோள்பட்டை போச்சு' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் காறை எலும்பு முறிவு, மூட்டு நழுவல், மேல்கை எலும்பின் தலைமுறிவு, காறை எலும்பின் வெளிமுனை மூட்டு விலகல், தசைநார்க் கிழிவு என்று குறைந்தது ஐந்து இருக்கின்றன. ஐந்துக்கும் வைத்தியம் வேறு. எக்ஸ்ரே ஒரே கோணத்தில் எடுத்தால் போதாது. முன்பக்கமிருந்து மட்டும் எடுத்த படத்தில், பின்பக்கம் நழுவிய தோள் கிட்டத்தட்ட சரியாகவே தெரியும். வலிப்பு வந்தவர்களுக்கும் கரண்ட் அடித்தவர்களுக்கும் தோள் பின்பக்கம் நழுவக்கூடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால், அக்குள் வழியாகவோ பக்கவாட்டிலோ இன்னொரு படம் கட்டாயம் கேளுங்கள்.

வயது. தோள் நழுவலில் 18 வயதுக்கும் 50 வயதுக்கும் பயமே வேறு. இளைஞனுக்கு அது மறுபடி இறங்கும் என்ற பயம். ஐம்பது வயதுக்காரருக்கு உள்ளே தசைநார் கிழிந்திருக்குமோ என்ற பயம்.

வேலை. மாட்டுத்தாவணி சந்தையில் மூட்டை இறக்குபவர், கபடி ஆடும் கல்லூரி மாணவர், கடையில் கணக்கு எழுதுபவர் ஆகிய மூவருக்கும் ஒரே முறிவு இருந்தாலும் ஒரே முடிவு இருக்காது. எந்தக் கைப்பழக்கம் என்பதும் இதில் சேரும்.

உடல்நிலை. சர்க்கரை இருந்தால் தோள் சீக்கிரம் இறுகிப்போகும், அறுவை செய்தால் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும்.

அடிபட்டு எத்தனை நாள் ஆகிறது. நழுவிய தோளை முதல் சில மணி நேரத்தில் ஏற்றுவது, அதாவது உருண்டையைத் திரும்பத் தட்டில் அமர்த்துவது, எளிது. மூன்று வாரம் தாண்டிவிட்டால் கையால் ஏற்றுவது கடினம், ஆபத்தும்கூட. அப்போது திறந்து செய்ய வேண்டி வரலாம். கிழிந்த தசைநாரைச் சில வாரங்களுக்குள் தைப்பதற்கும் ஆறு மாதம் கழித்துத் தைப்பதற்கும் பலன் ஒன்றாக இருக்காது.

மொத்தச் செலவு. ஆஸ்பத்திரி பில் அதில் ஒரு பங்குதான். எத்தனை நாள் கூலி போகும், கூட ஒருவர் வேலையை விட்டு இருக்க வேண்டுமா, வைத்த பிளேட்டைப் பின்னால் எடுக்க வேண்டுமா, பிசியோவுக்கு எத்தனை முறை பஸ் ஏற வேண்டும் என்பவையும் கணக்கில் வர வேண்டும்.

## ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலைகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் யோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

- எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது, அல்லது உள்ளிருந்து தோலைக் கூடாரம்போல் தூக்கி அந்த இடம் வெளுத்திருக்கிறது
- கை சில்லிட்டு வெளிறியிருக்கிறது, மணிக்கட்டில் நாடி தட்டவில்லை
- விரல்களை அசைக்க முடியவில்லை, தொட்டால் உணர்வில்லை
- மூச்சு வாங்குகிறது
- தலையில் அடி, மயக்கம், கழுத்து வலி சேர்ந்திருக்கிறது

வண்டி வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தோளில் கிடக்கும் துண்டே நல்ல ஸ்லிங். முழங்கையை மடக்கி, முன்கையைத் துண்டில் ஏந்தி, கை முழங்கையைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி கட்டுங்கள். முடிச்சு பிடரி எலும்பின் மேல் விழாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சோடா, டீ, பன் எதுவும் கொடுக்காதீர்கள். நழுவிய தோளை ஏற்றவோ அறுவைக்கோ மயக்க மருந்து தேவைப்பட்டால் திட உணவுக்குப் பின் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வழியில் குடித்த ஒரு டம்ளர் பாலுக்காக நழுவிய தோளோடு நள்ளிரவு வரை படுத்திருக்க நேரும்.

## காறை எலும்பு முறிவு: ஸ்லிங்கா, பிளேட்டா

இங்கேதான் கருத்து வேறுபாடு அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். காறை எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது நடுப்பகுதியில் விழுபவை. துண்டுகள் விலகாமல் இருந்தால் பேச்சே இல்லை, ஸ்லிங் போதும். குழந்தைகளுக்குக் கொஞ்சம் விலகியிருந்தாலும் ஸ்லிங்கிலேயே மூன்று முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். விலகிய முறிவோடு வரும் பெரியவர்களுக்குத்தான் குழப்பம்.

இது பற்றி 2007-இல் வெளியான கனடா ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. விலகிய நடுமுறிவு உள்ள 132 பேரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குப் பிளேட்டும் மறு பிரிவுக்கு ஸ்லிங்கும் கொடுத்தார்கள். கடைசிவரை தொடர்ந்தவர்களில், ஸ்லிங் போட்ட 49 பேரில் 7 பேருக்கு எலும்பு கூடவில்லை. பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்குக் கூடவில்லை. கூடுவதற்கு ஆன சராசரிக் காலம் பிளேட்டில் சுமார் 16 வாரம், ஸ்லிங்கில் சுமார் 28 வாரம்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். பிளேட் வேகமாகவும் உறுதியாகவும் கூட்டுகிறது என்பது உண்மை. ஸ்லிங் போட்டவர்களில் ஏழுக்கு ஆறு பேர் வீதம் கத்தி படாமலே கூடியது என்பதும் அதே அளவு உண்மை. அந்த ஏழாவது ஆள் யார் என்று முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அடையாளங்கள் உண்டு. எலும்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறுகியிருப்பது, முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது, நடுவே துண்டு துண்டாக நொறுங்கியிருப்பது, புகைப்பழக்கம். இவற்றில் இரண்டு சேர்ந்தால் பிளேட் பக்கம் தராசு தாழ்கிறது.

ஸ்லிங்கின் மறைமுகச் செலவு: முதல் இரண்டு வாரம் படுத்தால் எலும்பு நகரும் வலி. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்க வேண்டும். கூடிய இடத்தில் ஒரு முண்டு நிரந்தரமாக நிற்கும். பார்வைக்கு உறுத்துமே தவிர வேலையைக் கெடுக்காது. கனமான வேலைக்குத் திரும்பக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். முதுகில் எட்டுப் போட்டுக் கட்டும் பெல்ட்டை இன்னும் சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். ஸ்லிங்கைவிட அது நன்றாகக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. அக்குளில் இறுகிக் கை மரத்துப்போவதும் சித்திரை வெயிலில் தோல் வெந்துபோவதும்தான் மிச்சம்.

பிளேட்டின் மறைமுகச் செலவு: காறை எலும்புக்கு மேல் சதை மிகக் குறைவு. ஒல்லியான ஆளுக்குப் பிளேட் தோலுக்கடியில் துருத்தும். பேக் மாட்டினாலும் மூட்டை வைத்தாலும் உறுத்தும். எடுக்க வேண்டுமென்றால் எலும்பு நன்றாக உறுதிப்பட்ட பின், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, இன்னொரு அறுவை. தோலுக்கடியில் ஓடும் சிறு நரம்புகள் வெட்டுப்படுவதால் தழும்புக்குக் கீழே மார்பின் மேல்பகுதி மரத்துப்போவது சகஜம். அறுவைக்கு முன் இதை யாரும் சொல்லாததால் பின்னால் பலர் பயந்துபோகிறார்கள். சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு அது கூடும்.

தலைக்கு மேல் கை தூக்கிச் செய்யும் வேலையில் இருக்கும் பெயிண்டர், எலக்ட்ரீசியன், மூட்டை தூக்குபவர், சீக்கிரம் திரும்பியாக வேண்டிய விளையாட்டு வீரர் ஆகியோருக்கு, முறிவு அதிகம் விலகியிருந்தால் பிளேட் நியாயமான தேர்வு. மேசை வேலைக்காரர், வீட்டுப் பொறுப்பில் இருப்பவர், அறுபது தாண்டியவர், சர்க்கரை ஏறியிருப்பவர் ஆகியோர் ஸ்லிங்கில் தொடங்கலாம். பல மாதம் கழித்தும் கூடவில்லை என்று தெரிந்தாலும் அப்போது பிளேட் வைக்க முடியும், கதவு மூடிவிடுவதில்லை. தயக்கமாக இருப்பவர்களுக்கு எங்கள் கருத்து: பத்து நாள் ஸ்லிங் போட்டு மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். குறுகல் கூடியிருந்தால் அறுவைக்கு அப்போதும் நேரம் இருக்கிறது.

## தோள் நழுவல்: ஏற்றிவிட்டுக் காத்திருப்பதா, உடனே தைப்பதா

நழுவும் தோள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முன்பக்கம் நழுவுபவை. கை பக்கவாட்டில் உயர்ந்து, வெளிப்பக்கம் முறுக்கப்படும்போது இது நடக்கும். அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ திமிலைப் பிடித்துத் தொங்கும் கை, மாடு துள்ளித் திரும்பும்போது இருப்பது இதே நிலையில்தான். கபடியில் ஆளைப் பிடித்து இழுக்கும்போதும், ஓடும் பஸ்சில் மேல்கம்பியைப் பிடித்திருக்கையில் பிரேக் போட்டாலும் அப்படித்தான். தோளின் உருண்டை வடிவம் போய்ச் சதுரமாகத் தெரியும். ஆள் மறுகையால் அடிபட்ட கையைத் தாங்கிக்கொண்டு வருவார்.

நழுவிய தோளை ஏற்றுவதில் தேர்வு எதுவும் இல்லை, உடனே ஏற்ற வேண்டும். ஆனால் மைதானத்திலேயே, அக்குளில் குதிகாலை வைத்து இரண்டு பேர் இழுக்கும் பழக்கத்தை விட்டாக வேண்டும். அக்குள் வழியாகத்தான் கைக்கான பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் போகின்றன. நழுவலோடு எலும்பு முறிவும் இருந்தால் இழுப்பில் அது பிளந்துவிடும். ஆஸ்பத்திரியில் முதலில் படம் எடுத்து, மேல்கையின் வெளிப்பக்கம் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு, வலி குறையவும் தசை தளரவும் மருந்து கொடுத்து, முழங்கையை விலாவோடு வைத்து முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவார்கள். வலித்தால் நிறுத்தி, தளர்ந்ததும் தொடர்வார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் 'டொக்' என்று அமரும். அமர்ந்தபின் இன்னொரு படமும் இன்னொரு உணர்வுச் சோதனையும் அவசியம். வெளித்தோளில் கையகல இடம் மரத்திருந்தால் நரம்பு இழுபட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் தெளியும்.

தேர்வு அதற்குப் பிறகுதான் வருகிறது.

காத்திருத்தல்: இரண்டு மூன்று வாரம் ஸ்லிங், பிறகு பிசியோ. நாற்பது தாண்டியவருக்கு ஒரு வாரத்திலேயே மெல்ல அசைக்கத் தொடங்குவது நல்லது. தோள் மறுபடி இறங்குவதைவிட இறுகிப்போவதே அவருக்குப் பெரிய தொல்லை. முப்பது தாண்டி, முரட்டு விளையாட்டு எதுவும் இல்லாதவருக்கு இந்த வழியே முதல் தேர்வு. இதன் மறைமுகச் செலவு இளைஞர்களுக்குத்தான். இருபது வயதுக்குள் முதல் முறை இறங்கிய தோள், அதே ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி இறங்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தட்டின் விளிம்பு தேய்கிறது, உருண்டையில் பள்ளம் விழுகிறது.

தைத்தல்: தட்டின் விளிம்பிலிருந்து பிய்ந்த நார்வளையத்தைத் துளை வழியாகவே திரும்பத் தைப்பது பேங்கார்ட் அறுவை. நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங், கபடிக்கோ மாடு பிடிக்கவோ திரும்ப ஆறு மாதம் போல ஆகும். 'இன்னும் இரண்டு தடவை இறங்கட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு, தட்டின் எலும்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்துவிட்டால் வெறும் தையல் நிற்காது. தோள்பட்டைப் பலகையில் மூக்குபோல் நீட்டியிருக்கும் எலும்பு முனையை வெட்டி அங்கே திருகு போட்டு வைக்கும் லட்டார்ஜே அறுவைக்குப் போக வேண்டும். அது பெரிய அறுவை. அதனால் இருபத்தைந்துக்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரர் முதல் நழுவலிலேயே எம்ஆர்ஐ எடுத்துத் தைப்பதைப் பற்றிப் பேசுவது அவசரபுத்தி ஆகாது. ஆட்டத்தையே விட்டுவிடத் தயாராக இருப்பவருக்குக் காத்திருத்தல் போதும்.

நாற்பது தாண்டியவர், தோளை ஏற்றி இரண்டு வாரமாகியும் கையைத் தானாக உயர்த்த முடியவில்லை, பிறர் தூக்கிவிட்டால் மட்டும் உயர்கிறது என்றால் அது தசைநார்க் கிழிவாகவோ நரம்பு அடியாகவோ இருக்கலாம். 'வலி அடங்கினால் சரியாகும்' என்று ஆறு மாதம் ஓட்டிவிடக் கூடாது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனிலேயே பெரும்பாலான கிழிவு தெரியும். அறுந்த தசை நாளாக நாளாகச் சுருங்கிக் கொழுப்பேறிவிடும், பிறகு இழுத்துத் தைத்தாலும் எட்டாது.

## வயதானவர்களின் மேல்கை எலும்பு முறிவு

குளியலறையில் வழுக்கி விழுந்த 70 வயது அம்மாவுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ரேயைப் பார்த்தால் மூன்று துண்டாக இருக்கும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். மூன்றாம் நாள் முழங்கை வரைக்கும் மார்பு வரைக்கும் கன்றிக் கருநீலமாகும். உள்ளே கசிந்த இரத்தம் கீழே இறங்குவதுதான் அது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பிரிட்டனில் 250 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், விலகிய முறிவுகளில் அறுவை செய்தவர்களும் ஸ்லிங் போட்டவர்களும் இரண்டு ஆண்டு முடிவில் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாமல்தான் இருந்தார்கள். மெலிந்த எலும்பில் திருகு பிடிக்காமல் கழன்று வருவது அறுவையின் பெரிய சிக்கல். ஆகவே பெரும்பாலான அம்மாக்களுக்கு ஸ்லிங்கே நல்லது. கை முன்போல முழுதாக மேலே போகாவிட்டாலும் சோறு பிசைந்து உண்ணவும் முந்தானை சரிசெய்யவும் முடியும். முறிவோடு மூட்டும் நழுவியிருந்தாலோ, உருண்டையே பிளந்திருந்தாலோ, நோயாளி இளையவராக இருந்தாலோ கணக்கு மாறும். மிகவும் நொறுங்கிய முறிவில், எழுபது தாண்டியவருக்கு, தட்டும் உருண்டையும் இடம் மாற்றி வைக்கும் செயற்கைத் தோள் மூட்டு ஒரு வழி.

ஸ்லிங்கோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் அதற்கான மருந்தும் இல்லாவிட்டால் அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். இதைக் கேட்காமல் டிஸ்சார்ஜ் ஆக வேண்டாம்.

## தோள் முனை மூட்டு விலகல்

காறை எலும்பின் வெளிமுனை துருத்தித் தோளில் மேடு தெரியும். தோள் நேராகத் தரையில் மோதினால் வரும். லேசான விலகலுக்கு இரண்டு வாரம் ஸ்லிங் போதும். நடுத்தர விலகலுக்கும் பெரும்பாலோருக்கு ஸ்லிங்கே முதல் தேர்வு. மேடு நிலைக்கும், கை இயங்கும். எலும்பு பின்பக்கம் குத்திக்கொண்டு போனாலோ, மிக உயரத் தூக்கியிருந்தாலோ அறுவை. அதில் கொக்கிப் பிளேட் வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் எடுத்தே ஆக வேண்டும். விட்டுவைத்தால் கொக்கி மேலெலும்பை அரித்துவிடும். முதல் பில்லோடு இரண்டாவது பில்லையும் கேட்டு வையுங்கள்.

## நாட்டுக்கட்டு

புத்தூர் கட்டு என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். மூங்கில் பத்தை, முட்டை வெண்கரு, உளுந்து மாவு, இலைச்சாறு என்று ஊருக்கொரு முறை. அதைப் பழித்துப் பேசுவதால் யாருக்கும் பயனில்லை. காறை எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடும் எலும்பு, அசையாமல் வைத்தால் போதும். அதனால்தான் கட்டியவர் கைக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. அதே கை, நழுவிய தோளையும் சுளுக்கு என்று நினைத்து வழித்துவிடும்போதுதான் கேடு. எண்ணெய் போட்டு நீவுவது முறிந்த முனைகளை நகர்த்தும், கிழிந்த சதைக்குள் இன்னும் இரத்தம் கசிய வைக்கும், சில வேளை சதைக்குள்ளேயே எலும்பு வளரவும் காரணமாகும்.

கட்டத்தான் போகிறோம் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் மூன்று நிபந்தனை வையுங்கள். எக்ஸ்ரே எடுத்து, ஸ்லிங் போதும் என்று டாக்டர் சொன்ன காறை எலும்பு முறிவாக மட்டும் இருக்க வேண்டும். நீவவோ இழுக்கவோ கூடாது. விரல்கள் வெளியே தெரிய வேண்டும், வீங்கினாலோ மரத்தாலோ அன்றே கட்டை அவிழ்க்க வேண்டும். நழுவிய தோளுக்கும், வயதானவர் மேல்கை முறிவுக்கும், கை தூக்க முடியாத நிலைக்கும் நாட்டுக்கட்டு வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. இதன் மிகப் பெரிய மறைமுகச் செலவு, கையை விட்டுப் போகும் முதல் மூன்று வாரம்.

## ஒரே பார்வையில்

| அடி | ஸ்லிங், பிசியோ நல்லது | அறுவை நல்லது | தள்ளிப்போட்டால் என்ன ஆகும் |
|---|---|---|---|
| காறை எலும்பு முறிவு | விலகாதது, குழந்தைகள், மேசை வேலை | 2 செ.மீ. மேல் குறுகல், நொறுங்கல், தோல் தூக்கல் | பின்னாலும் பிளேட் வைக்கலாம், ஆனால் வேலை கடினம் |
| முன்பக்கத் தோள் நழுவல் | 30 தாண்டியவர், ஆட்டம் இல்லாதவர் | 25-க்குள் ஆட்டக்காரர், அடிக்கடி இறங்கும் தோள் | எலும்பு தேய்ந்து பெரிய அறுவை |
| வயதானவர் மேல்கை முறிவு | பெரும்பாலோர் | உருண்டை பிளவு, நழுவலோடு முறிவு | மூட்டு இறுகல் |
| தோள் முனை விலகல் | லேசானது, நடுத்தரம் | மிக விலகியது | சில வாரத்துக்குப் பின் நார் தானாகச் சேராது |
| அடியால் தசைநார்க் கிழிவு | சிறு கிழிவு, வயது முதிர்ந்தவர் | முழுக் கிழிவு, உழைக்கும் வயது | தசை சுருங்கும், தைக்க எட்டாது |

## பணமும் காகிதமும்

பெரியாஸ்பத்திரியில், அதாவது கோரிப்பாளையத்தை அடுத்த அரசு இராசாசி மருத்துவமனையில், எலும்பு சிகிச்சைப் பிரிவும் பிசியோவும் உண்டு. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலிலுள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதன்பின், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. காப்பீட்டு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிளேட், ஆங்கர் (நாரைத் தைக்க எலும்பில் பதிக்கும் சிறு ஆணி) விலை இதற்குள் அடங்குமா? பின்னால் பிளேட்டை எடுப்பதும் அடங்குமா?

விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏஆர் காப்பி, முதல் நாளே ஆஸ்பத்திரியில் பதிவானால்தான் இழப்பீட்டு வழக்கில் வலு. நேராகக் கட்டுக்காரரிடம் போய்ப் பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தால், இந்த அடி அந்த விபத்தில்தான் பட்டது என்று நிரூபிக்கவே அல்லாட வேண்டும். எக்ஸ்ரே படங்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

## எந்த வழியானாலும் செய்ய வேண்டிய பயிற்சி

விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே மணிக்கு ஒரு முறை பத்துப் பத்துத் தடவை மடக்கி நீட்டுங்கள். நாளுக்கு ஒரு தடவை ஸ்லிங்கைத் தளர்த்தி அக்குளைத் துடைத்து, ஈரம் போக்கி, மெல்லிய பருத்தித் துணி மடித்து வையுங்கள். சட்டையோ ஜாக்கெட்டோ போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

டாக்டர் அனுமதித்ததும் ஊசல் பயிற்சி. வழக்கமாக வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்திலும், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலும் அனுமதி கிடைக்கும். நார் தைத்தவர்களுக்கு அறுவை செய்தவர் சொல்லும் நாளே கணக்கு. நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பில் குனிந்து, அடிபட்ட கையைக் கயிறுபோல் தொங்கவிடுங்கள். கையைத் தூக்காமல் உடம்பை ஆட்டி, கை தானாகச் சிறு வட்டம் போடட்டும். வலம் பத்து, இடம் பத்து, நாளுக்கு மூன்று நான்கு வேளை. அடுத்த கட்டம் சுவரில் விரல்களால் ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடும் தேதியும் போடுங்கள். வாரம் முழுக்கக் கோடு நகரவில்லை என்றால் பிசியோவிடம் போக வேண்டிய நேரம் அது.

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் தினம் பஸ் ஏறி பிசியோவுக்கு வருவது கூலிக்காரருக்கு முடியாத காரியம். பாதியில் நிற்பதற்கே அதுதான் காரணம். முதல் நாள் வரும்போதே கூட வருபவரையும் பக்கத்தில் நிறுத்திப் பயிற்சியைச் செல்போனில் பதிவு செய்து, வீட்டில் செய்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வந்து காட்டுவதாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிசியோக்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஸ்லிங்கோடு பைக் ஓட்டக் கூடாது. கழற்றிய பின்னும், இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைத் திடீரென்று முழுதாகத் திருப்ப முடிகிறதா என்று வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது சோதித்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும்.